சாப்பிட்டுச் செத்தவர்கள்

மகளுக்கு வரலாற்றுப் பாடத்தில் கொடுத்த ஒரு தாளிலிருந்து இது தொடங்கியது. 1665ஆம் ஆண்டு லண்டனைப் பிடித்த கொள்ளைநோய்தான் பாடம். அந்த ஆண்டு நகரத்தில் யார் யார் எதனால் இறந்தார்கள் என்று அச்சிட்டு வெளியிட்ட மரணப் பட்டியலின் நிழற்பிரதி அந்தத் தாளில் இருந்தது. விளங்காத சொற்களுக்குக் கீழே கோடு போட்டு, வீட்டில் பெரியவர்களிடம் பொருள் கேட்டு எழுதி வரவேண்டும்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கக்கூடிய பட்டியல்தான் அது. கொள்ளைநோயால் 68,596 பேர். பல்லாலும் புழுவாலும் 2,614 பேர். பயந்து செத்தவர்கள் 23 பேர். அவள் சிரித்துக்கொண்டே வாசித்தாள். அகர வரிசையில் கீழே வந்தபோது ஒரு சொல்லில் நின்றாள்.

"அப்பா, சர்ஃபிட் எண்டா என்ன? ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தொரு பேர்."

"கூடச் சாப்பிடுறது. கூடச் சாப்பிட்டதாலை வாற வருத்தத்துக்கும் அதுதான் பேர்."

"சாப்பிட்டுச் செத்தவையோ?"

"ஓம். அப்பிடித்தான் எழுதியிருக்கினம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்ப அப்பப்பா மாதிரியோ?" என்றாள்.

என் அப்பா இறந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. செத்த வீட்டில் மாமி, அப்பாவின் தங்கை, வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அண்ணை வாயைக் கட்டேல்லை. எத்தினை தரம் சொன்னனாங்கள்." அழுதுகொண்டுதான் சொன்னாள். அப்போது மகளுக்கு ஒன்பது வயது. மூலையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் நான் இந்தச் சொல்லின் பின்னால் போனேன். ஒரு பின்னேரம் போதும் என்று நினைத்தேன். மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சர்ஃபிட் பிரான்சிலிருந்து வந்த சொல். பழைய பிரெஞ்சில் 'மேலதிகமாகச் செய்வது' என்று பொருள்படும் வினையிலிருந்து பிறந்தது. லத்தீனில் அதன் இரண்டு துண்டுகளும் இன்னும் தெளிவாகத் தெரியும்: 'மேல்', 'செய்'. கவுண்டர்ஃபிட், ஃபோர்ஃபிட் இரண்டும் இதே 'செய்' என்ற வேரின் பிள்ளைகள். ஒன்று எதிராகச் செய்தது, அதாவது கள்ளப் பிரதி. மற்றது எல்லைக்கு வெளியே செய்தது, அதாவது குற்றம், பிறகு குற்றத்துக்காகப் பறிபோனது. மூன்று சகோதரங்களில் இரண்டு நீதிமன்றத்துக்குப் போய்விட்டன. மூன்றாவது சாப்பாட்டு மேசைக்கு வந்தது. ஆனால் பிறப்பில் மூன்றுக்கும் ஒரே குணம்: செய்யக்கூடாததைச் செய்தவன் ஒருவன் எங்கோ இருக்கவேண்டும்.

1300 அளவில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது அதற்கு வயிற்றோடு மட்டும் தொடர்பு இருக்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டுப் பிற்பகுதியின் நெடும்பாட்டான 'சர் கவெய்னும் பச்சை வீரனும்' கதையில், உயிருக்குப் பயந்து ஒரு பச்சை அரைக்கச்சையை ஒளித்து வைத்துக்கொண்ட கவெய்ன் தன் தவறைக் குறிக்க இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறான். அவன் அதிகமாக எதையும் சாப்பிடவில்லை. வாக்கு மீறினான், அவ்வளவுதான். அதே நூற்றாண்டின் இறுதிக்குள் சொல் வயிற்றில் குடியேறிவிட்டது. அளவு மீறி உண்பது, குடிப்பது, அதனால் வரும் நோய் ஆகிய மூன்றுக்கும் அதுவே பெயராயிற்று. செயலுக்கும் அதன் விளைவுக்கும் ஒரே சொல். இதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. நோயின் பெயரைச் சொன்னாலே அதை யார் வரவழைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

தமிழில் இதற்குச் சரியான சொல்லைத் தேடினேன். தெவிட்டல், திகட்டல் என்று நம்மிடம் அழகான சொற்கள் உண்டு. ஆனால் அவை வேறு பக்கம் பார்க்கின்றன. பாயாசம் தெவிட்டியது என்றால் பாயாசத்தில்தான் சங்கதி இருக்கிறது. உடம்பு தானாகப் போதும் என்கிறது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மம்மாமார் சொல்லும் செமியாக்குணமும் அப்படித்தான். செமிக்கவில்லை, ஓமத்தண்ணீர் குடி, சரியாகிவிடும். ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' தொடங்கும்போது காதலில் தவிக்கும் பிரபு சர்ஃபிட் என்பதை ஏறக்குறைய நம் தெவிட்டலாகவே பேசுகிறார். இசையைக் கேட்டுக் கேட்டு ஆசை தெவிட்டிச் சாகட்டும் என்பது அவர் விருப்பம். அது பிரபுக்களுக்குக் கட்டுப்படியாகும் பொருள்.

மற்றப் பொருளுக்கு ஏற்ற தமிழ்ச் சொல் வேதாகமத்தில் கிடைத்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில் லூக்கா 21ஆம் அதிகாரம் 34ஆம் வசனத்தில் இந்தச் சொல் வருகிறது. தமிழில் அதே இடத்தில் பெருந்திண்டி. கிரேக்க மூலத்தில் இருப்பதோ குடித்த மறுநாள் தலைவலியைக் குறிக்கும் ஒரு சொல்! குடிகாரனின் தலைவலி ஆங்கிலத்திலும் தமிழிலும் சாப்பாட்டுக்காரனின் பாவமாகிவிட்டது. பெருந்திண்டி என்று சொல்லிப் பாருங்கள். வாய் நிறைய ஒருவரை ஏசுவதுபோல இருக்கும்.

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் பெரும்பகுதி அளவறிந்து உண்பது பற்றியதுதான். ஆனால் அது உயிரோடு இருப்பவனிடம், சாப்பிடுவதற்கு முன்னால் சொல்வது. ஆங்கிலச் சொல் வேலை செய்யும் இடம் வேறு. நான் பார்த்தவரை அது பெரும்பாலும் பிணத்தின் தலைமாட்டில் நின்று பேசுகிறது.

அந்தப் பிணங்களில் பேர்போனது முதலாம் ஹென்றி மன்னருடையது. இங்கிலாந்தை 35 ஆண்டுகள் ஆண்டவர். 1135ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நோர்மண்டியில் லியோன்ஸ்-லா-ஃபொரே என்ற காட்டுப்பகுதிக்கு வேட்டையாடப் போன இடத்தில் நோயில் விழுந்து, டிசம்பர் 1ஆம் திகதி இறந்தார். அங்கே அவர் சாப்பிட்டது லாம்ப்ரே என்ற மீன். விலாங்கு மாதிரி நீண்டிருக்கும். தாடை கிடையாது. வட்டமான உறிஞ்சும் வாய், உள்ளே வரிசை வரிசையாகப் பற்கள். டொரன்டோ வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. உங்கள் பேரேரிகளில் புகுந்து மற்ற மீன்களின் இரத்தத்தைக் குடித்து நாசம் செய்யும் அதே உயிரினம்தான். இங்கே இப்போது அது அருகிவிட்டது. குளோஸ்டர் நகரம் அரச குடும்பத்துக்கு லாம்ப்ரே பை அனுப்பும் பழைய வழக்கப்படி 2012இல் எலிசபெத் மகாராணியின் வைர விழாவுக்கு அதைச் செய்ய நினைத்தபோது, மீன் உங்கள் ஏரிகளிலிருந்துதான் வரவேண்டியிருந்தது.

ஆங்கிலேயப் பிள்ளைகள் பரம்பரை பரம்பரையாக மனப்பாடம் செய்த வசனம், ஹென்றி மன்னர் லாம்ப்ரே சர்ஃபிட்டால் இறந்தார் என்பது. நியோ மார்ஷ் 1941இல் எழுதிய துப்பறியும் நாவலுக்கே அந்தத் தொடர்தான் பெயர். அதில் லாம்ப்ரே என்பது ஒரு குடும்பத்தின் பெயர் என்பது வேறு கதை. இந்த மரணத்துக்கு மூலச் சாட்சி ஹன்டிங்டன் ஊரைச் சேர்ந்த ஹென்றி என்ற குருவானவர் லத்தீனில் எழுதிய வரலாறு. அவர் எழுதியதன் சாரம் இதுதான்: அந்த மீன் மன்னருக்கு எப்போதும் ஒத்துக்கொள்வதில்லை, ஆனாலும் அவருக்கு அதில் பிரியம். வைத்தியர் வேண்டாம் என்றார், மன்னர் கேட்கவில்லை. எவ்வளவு சாப்பிட்டார்? அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஒரு துண்டாகவும் இருக்கலாம். மூலத்தில் இருப்பது சொல்வழி கேளாத நோயாளி ஒருவரின் கதை. அளவு மீறிய தீனி என்பது பின்னால் வந்தவர்கள் ஊற்றிய குழம்பு.

அந்தக் குருவானவருக்கும் ஒரு நோக்கம் இருந்தது. உலக வாழ்வின் நிலையாமையில் அவருக்குப் பெரிய ஈடுபாடு. மன்னரின் உடலை ரெடிங் மடத்துக்குக் கொண்டுவர, வெட்டி, உப்பிட்டு, மாட்டுத்தோலில் சுற்றியதையும், அதையும் மீறி நாற்றம் எடுத்ததையும், தலையைத் திறந்த கூலிக்காரன் அந்த நாற்றத்தாலேயே இறந்ததையும் அவர் விரிவாக எழுதுகிறார். அவ்வளவு அதிகாரமும் கடைசியில் இதுதான் என்று காட்ட ஒரு மீன் துண்டு அவருக்குப் பெரிய உதவி.

1216இல் நியூவார்க்கில் இறந்த ஜோன் மன்னர் விஷயமும் கிட்டத்தட்ட அதே. வயிற்றுக்கடுப்பால் இறந்தவர். ரோஜர் என்ற துறவி, பீச் பழங்களும் புதிய சைடரும் அளவில்லாமல் உட்கொண்டதால் காய்ச்சல் கூடியது என்று எழுதிவைத்தார். துறவிகளுக்கு ஜோனைப் பிடிக்காது. அதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

ரொபர்ட் கிரீன் கதையில்தான் நான் அதிக நேரம் நின்றேன். நாடகாசிரியர், துண்டுப்பிரசுரக்காரர், கடன்காரர். ஷேக்ஸ்பியரை முளைத்து மூன்று இலை விடாதவன் என்கிற தோரணையில் தாக்கியதாக இன்றும் நினைவுகூரப்படுபவர். 1592 செப்டம்பரில் லண்டனில் ஒரு செருப்புத் தொழிலாளி வீட்டில் இறந்தார். மரணக் காரணம் ஊறுகாய் போட்ட ஹெரிங் மீனும் ரைன் நதிக்கரை வைனும் சேர்ந்த சர்ஃபிட் என்று இலக்கிய வரலாறு சொல்கிறது. அப்படி எழுதியவர் கேப்ரியல் ஹார்வி என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர். அவர் கிரீனின் எதிரி. ஹார்வியின் தகப்பனார் கயிறு திரிப்பவர். அதைச் சொல்லி அந்தக் குடும்பத்தையே கிரீன் அச்சில் கேலி செய்திருந்தார். வழக்குப் போட நினைத்திருந்த ஹார்வி, ஆள் செத்துவிட்டதால் பேனாவை எடுத்தார்.

அந்த ஹார்வியே அதே கடிதங்களில் எழுதுகிறார்: கிரீனிடம் மாற்றுடை இல்லை, உடம்பெல்லாம் பேன், ஒரு பென்னி வைனுக்குக் கெஞ்சினார், வீட்டுக்காரிதான் கடைசிவரை பார்த்தாள், அவளுக்கும் கடன். ஒரே ஆள் ஒரே பக்கவாட்டில் பட்டினிக்காரனாகவும் தின்று செத்தவனாகவும் இருக்கிறான்! கிரீனின் நண்பர் தோமஸ் நாஷ் பதில் எழுதும்போது, அந்த ஹெரிங் விருந்தில் தானும் இருந்ததாக ஒப்புக்கொள்கிறார். ஆனால் அது நடந்தது மரணத்துக்கு ஒரு மாதம் முன்னால். ஒரு மாதம் பொறுத்திருந்து கொல்லும் ஊறுகாய் மீனை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.

சும்மா வசைக்காக மட்டும் அப்படி எழுதினார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. அக்கால வைத்தியம் அதை நம்பியது. இரைப்பை ஒரு சமையல் பானை. உடம்பின் சூட்டில் உணவு அங்கே வேகிறது. பானையில் அளவுக்கு மேல் போட்டால் வேகாது. வேகாதது அழுகி நச்சு நீராகி இரத்தத்தில் கலந்து காய்ச்சலைக் கிளப்பும். நம் வைத்தியர்களுக்கு இது அந்நியமான பேச்சில்லை. பதினேழாம் நூற்றாண்டு வீட்டுப் பெண்களின் குறிப்பேடுகளில் சர்ஃபிட் தண்ணீர் என்று ஒரு மருந்து வரும். சிவப்புக் கசகசாப் பூவின் இதழ்களைப் பிராந்தியில் ஊறப்போட்டு, உலர்ந்த திராட்சையும் வாசனைச் சரக்குகளும் சேர்த்து, இதழ் வெளுக்கும்வரை வைத்து வடிப்பது. சுகமில்லாதவர்கள் மட்டும்தான் அதைக் குடித்தார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. குதிரை வைத்தியத்திலும் சர்ஃபிட் உண்டு. குதிரையின் தோலில் தடிப்புகள் எழும்பினால் தீனி மிகுந்துவிட்டது என்பார்கள். குதிரை பாவம், வைத்ததைத்தான் தின்றது.

இனி மகளின் தாளுக்கு வருகிறேன்.

லண்டனின் மரணப் பட்டியல்களைப் பங்குக் கணக்கர்களின் சங்கம் வாராவாரம் அச்சிட்டது. 1603 முதல் தொடர்ச்சியாக வந்தது. 1629 முதல் நோய்களின் பெயர்களும் சேர்ந்தன. ஆனால் அந்த நோய்களை முடிவு செய்தவர்கள் வைத்தியர்கள் அல்லர். ஒருவர் இறந்து கோயில் மணி அடித்ததும், அல்லது புதைகுழிக்குச் சொல்லி அனுப்பியதும், பங்கு நியமித்த கிழவிகள் இருவர் வீட்டுக்கு வருவார்கள். பெரும்பாலும் பங்கின் உதவியில் வாழும் ஏழை விதவைகள். பிணத்தைப் பார்ப்பார்கள், வீட்டாரை விசாரிப்பார்கள், என்ன நோய் என்று சொல்வார்கள். தலைக்கு இத்தனை என்று சில பென்னி கூலி. அந்தக் கிழவிகளின் வாய்ச்சொல் கணக்கரிடம் போய், அங்கிருந்து அச்சுக்கூடத்துக்குப் போகும். இந்தப் பட்டியல்களை முதன்முதலில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தவர் ஜோன் கிரான்ட் என்ற துணி வியாபாரி. 1662இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில்தான் புள்ளிவிவர இயல் பிறந்தது என்பார்கள். வெட்கப்படவேண்டிய பாலியல் நோய்களைக் கிழவிகள் ஒரு கோப்பை ஏலுக்கும் கொஞ்சக் காசுக்கும் வேறு பெயரில் எழுத விட்டுவிடுகிறார்கள் என்று அவரே சொல்கிறார். கொள்ளைநோய்ச் சாவுகளும் பட்டியலில் உள்ளதைவிடக் கால்பங்கு அதிகம் என்று கணக்குப் போட்டார்.

1665க்கு வாருங்கள். ஒரு வீட்டில் கொள்ளைநோய் என்று கிழவி சொல்லிவிட்டால் அந்த வீட்டை வெளியே பூட்டுவார்கள். கதவில் சிவப்புச் சிலுவை. வாசலில் காவலாளி. உள்ளே இருப்பவர்கள், நோய் உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்த்து, 40 நாள் அடைபட்டிருக்கவேண்டும். தகப்பன் இறந்திருப்பான். தாயும் நான்கு பிள்ளைகளும் உள்ளே மிச்சம். கிழவி வாசலில் நிற்கிறாள். வேறு எந்த நோயின் பெயரைச் சொன்னாலும் பிள்ளைகள் தப்புவார்கள். காய்ச்சல் என்று சொல்லலாம். சின்னப் பிள்ளையென்றால் பல் முளைத்தது என்று சொல்லலாம். வாந்தி எடுத்துச் செத்திருந்தால் சர்ஃபிட்.

கிரான்ட் தொகுத்த 1650களின் அட்டவணைகளில் சர்ஃபிட் மரணம் ஆண்டுக்குச் சில நூறு என்ற அளவுக்குள்ளேயே நிற்கிறது. 1665இல் 1,251. டேனியல் டிஃபோ 1722இல் எழுதிய கொள்ளைநோய் நூலிலேயே இந்தத் தந்திரம் பிடிபட்டுவிட்டது. காய்ச்சல், புள்ளிக் காய்ச்சல், சர்ஃபிட், பல் என்று நான்கு வரிகளை மட்டும் தனியே எடுத்துப்போட்டு, கொள்ளைநோய் ஏறும் அதே வாரங்களில் இவையும் ஏன் ஏறுகின்றன என்று கேட்கிறார். டிஃபோ அந்த ஆண்டு சின்னக் குழந்தை. நூலும் கதைபோல எழுதப்பட்டது. ஆனால் எண்கள் பட்டியல்களில் இருந்தவை.

கோடையில் பணக்காரர்கள் நகரத்தை விட்டுப் போய்விட்டார்கள். மன்னர் இரண்டாம் சார்ல்ஸ் சபையோடு வெளியேறி ஒக்ஸ்ஃபோர்ட் வரை போனார். வியாபாரம் நின்றது, வேலைக்காரிகளையும் கூலிக்காரர்களையும் துரத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் போக இடமில்லாதவர்கள். சாப்பாடு இருந்த சனம் எல்லாம் ஊரைவிட்டுப் போன ஆண்டில்தான் சாப்பிட்டுச் செத்தவர்களின் எண்ணிக்கை லண்டனில் ஏறியிருக்கிறது.

அந்த 1,251 பேரில் எத்தனை பேரைத் தாய்மார் காசு கொடுத்துத் தீனிக்காரர் ஆக்கினார்களோ. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். செத்தவனின் பெயரைக் கெடுத்து இருப்பவர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். என்னை நிறுத்தியது வேறு ஒன்று. அந்தப் பொய் ஏன் அவ்வளவு சுலபமாகச் செல்லுபடியானது? ஓர் ஏழை அளவு மீறித் தின்று செத்தான் என்றால் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. ஐந்நூறு ஆண்டுகளாக மன்னர்களுக்கும் புலவர்களுக்கும் சொல்லிப் பழகிய கதை, கிழவியின் வாயில் தயாராக இருந்தது.

அப்பா 1989இல் இந்த நாட்டுக்கு வந்தார். பதினேழு ஆண்டுகள் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. பத்து மணிக்குப் போய் காலை ஆறுக்கு வருவார். அங்கே திகதி முடிந்த சாண்ட்விச்சுகளை வேலைக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம். அதிகாலை இரண்டு மணிக்கு ஒரு சாண்ட்விச், ஒரு கோக், நித்திரை வராமல் இருக்க இரண்டு சொக்லேட். காலையில் வந்து அம்மா வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். 48 வயதில் நீரிழிவு வந்தது. அதன்பிறகு அவர் சாப்பிட்ட ஒவ்வொரு கவளத்தையும் எங்கள் வீட்டில் எல்லோரும் எண்ணினோம். பிஸ்கட் டின்னை நான்தான் ஒளித்து வைத்தேன்.

ஒருமுறை வைத்தியரிடம் மொழிபெயர்க்கப் போனேன். உணவு எப்படி என்று வைத்தியர் கேட்டார். அப்பாவைப் பார்த்துக் கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்லாமல் நேரே ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். சொன்னால் கேட்கிறார் இல்லை, களவாகச் சாப்பிடுகிறார் என்றேன். வைத்தியர் தட்டச்சில் ஏதோ எழுதினார். பதினேழு ஆண்டு பெற்றோல் ஸ்டேஷனில் நின்றவருக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்காதா? அப்பா தன் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். இரவு வேலையைப் பற்றி வைத்தியர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பிணம் பார்க்க வந்த கிழவிக்குக் கூலியாவது இருந்தது.

இன்னொரு கதையும் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் மரணங்களை அரசே பதியத் தொடங்கியது 1837 யூலையில். கிழவிகளின் காலம் முடிந்தது. அந்த அலுவலகத்தில் மரணக் காரணங்களைத் தொகுத்தவர் வில்லியம் ஃபார் என்ற வைத்தியர். 1839இல் வந்த முதல் அறிக்கையில், அந்த முதல் ஆறு மாதங்களில் 63 பேர் பட்டினியால் இறந்ததாக அவர் காட்டினார். எட்வின் சாட்விக்குக்குக் கோபம் வந்தது. ஏழைகளுக்கான உதவியை வேலையில்லங்களுக்குள் சுருக்கிய 1834ஆம் ஆண்டுச் சட்டத்தை நடத்திய ஆணைக்குழுவின் செயலாளர் அவர். பட்டினிச் சாவு என்று அரசாங்க அறிக்கையிலேயே வந்தால் அந்தச் சட்டத்துக்கு என்ன மரியாதை? ஒவ்வொன்றாகத் தோண்டி, இது தாய்ப்பால் கிடைக்காத குழந்தை, இது வேறு நோய் என்று கழிக்கப் பார்த்தார். ஃபார் அசையவில்லை. பசி நேரே கொல்வது குறைவு, அது மற்ற நோய்களுக்குள் நுழைந்துதான் கொல்கிறது, ஆகவே 63 என்பதே குறைந்த கணக்கு என்று பதில் எழுதினார்.

சர்ஃபிட்டால் ஆயிரத்துச் சொச்சம் பேர் செத்தார்கள் என்று அச்சிட்டபோது எந்தச் செயலாளரும் அது எப்படி என்று கேட்கவில்லை. 63 பேர் பசியால் செத்தார்கள் என்றதும் கடிதப் போர் மூண்டது. ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் நெரிஸ்ஸா என்ற தோழிப்பெண் மிகையாக உண்பவரையும் ஒன்றுமில்லாமல் கிடப்பவரையும் ஒரே தராசில் வைத்துப் பேசுவாள். அரசாங்கத் தராசு அப்படி இருந்ததில்லை.

இன்றைக்குச் சர்ஃபிட் நோயின் பெயர் இல்லை. பத்திரிகைகளில் வழக்கறிஞர்கள் சர்ஃபிட்டாக இருக்கிறார்கள், குழுக்கள் சர்ஃபிட்டாக இருக்கின்றன. சாப்பாட்டுக்கு அதை யாரும் சொல்வதில்லை. இரண்டு மூன்று இளைய சொற்கள் அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டன. கோட் போட்ட கனவானாக அது ஓய்வு பெற்றுவிட்டது.

அப்பாவின் மரணச் சான்றிதழை எடுத்து மகளிடம் காட்டினேன். முதல் வரியில் மாரடைப்பு. அடுத்ததில் இதயக் குழாய் நோய். கீழே இரண்டாம் பகுதியில் இரண்டாம் வகை நீரிழிவு. விரலை வைத்து வைத்து வாசித்தாள். "சாப்பிட்டது எண்டு ஒரு இடத்திலையும் இல்லையே" என்றாள். இல்லை என்றேன். பிறகு பெற்றோல் ஸ்டேஷன் கதையைச் சொன்னேன். அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. திகதி முடிந்த சாண்ட்விச்சில் என்ன இருக்கும் என்று கேட்டாள். முட்டையும் மயோனெய்ஸும், சிலவேளை சூரை மீன் என்றேன்.

சென்ற மாதம் அப்பாவின் திவசம். மாமி பஸ் இரண்டு மாறி வந்திருந்தாள். இரண்டு பெரிய டப்பாக்கள். ஒன்றில் கத்தரிக்காய்க் குழம்பு, மற்றதில் பனங்காய்ப் பணியாரம். பனங்களி எந்தக் கடையில் எவ்வளவுக்கு வாங்கினாள் என்பதைப் படைக்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணைக்குப் பிடிக்கும் என்று படத்துக்கு முன்னால் இலையில் ஆறு பணியாரம் வைத்தாள். யோசித்துவிட்டு இன்னும் இரண்டு வைத்தாள்.

சாப்பிடும்போது என் மகளின் தட்டைப் பார்த்து, "என்ன பிள்ளை கொறிக்கிறாய், வடிவாய்ச் சாப்பிடு" என்று இன்னொரு கரண்டி சோறு போட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் குழம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.